மூன்றாம் எண் விண்மீன்

குவிமாடம் திறக்கும்போது
பல்சக்கரம் ஒருமுறை இருமும்.
கோச்சா அதற்குத் தையல் இயந்திர எண்ணெய் ஊற்றுகிறான்.
கிரீஸ் வாங்கப் பணம் வருமென்று
போன ஆண்டே கடிதம் வந்திருந்தது.

ஜார்ஜிய மலையில் அக்டோபர்.
தொலைநோக்கியின் ஆடி குளிரவேண்டும் என்பதால்
லம்ஸிராவும் குளிர்கிறாள்.
அடுப்பு மூட்டினால் விண்மீன் கலங்கும்.

அவள் பார்ப்பது ஒரு பிளேசார்.
பார்க்க ஒன்றுமில்லை. திரையில் ஒரு புள்ளி,
பக்கத்துப் புள்ளிகளைப் போலவே.
எங்கோ ஒரு கருந்துளை
விழுங்க முடியாததை
நம் திசையில் துப்புகிறது, அவ்வளவுதான்.
துப்பி இருநூறு கோடி ஆண்டு.

பதினான்கு புள்ளி இரண்டு.
நாலாம் இரவு பதினான்கு.
(இந்தக் கணக்கில் எண் இறங்கினால் ஒளி ஏறும்.
கோச்சாவுக்கு இது இன்றுவரை ஒப்பவில்லை.)
பதின்மூன்று புள்ளி எட்டு ஆனபோது
சோபியாவுக்கும் தாஷ்கண்டுக்கும் எழுதினாள்:
'விழித்துக்கொண்டது. தூங்காதீர்கள்.'
கோச்சா கடனுக்கு வாங்கியிருந்த
திராட்சைச் சாராயப் புட்டியின் மூடி
அப்போதே போய்விட்டது.

தாஷ்கண்டில் மேகம்.
சோபியாவிலிருந்து விடியலில் பதில்:
'எங்களுக்குப் பதினான்கு புள்ளி இரண்டுதான்.
ஆடியைத் துடைத்தீர்களா?'

துடைத்தாள்.
பிறகு படம் படமாகப் பின்னால் போனாள்,
பதினொரு இரவு.
பிளேசார் அசையவேயில்லை.

அசைந்தது மூன்றாம் எண்.
அவளுடைய சின்னச் சட்டகத்துக்குள்
நின்று அளவு சொல்ல அகப்பட்ட
ஒரே பிரகாசமான விண்மீன்.
'மாறாதது' என்று அட்டவணையில்
யாரோ எப்போதோ எழுதிய ஒரு சொல்.
அது மங்க மங்க
இது ஒளிர்வதாகத் தெரிந்தது.
மங்கலான சில்லறை மீன்கள் எல்லாம்
ஒரே குரலில் சாட்சி சொல்லின:
வேலிதான் மேய்ந்திருக்கிறது.

திருத்தம் இரண்டு வரி.
முதல் வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது.
'நாங்கள் அளந்த படியே சுருங்கியிருந்தது.
மன்னிக்கவும்.'

இன்றிரவு சட்டகத்தைச் சற்று வடக்கே நகர்த்தி
ஐந்தாம் எண்ணை உள்ளே இழுத்திருக்கிறாள்.
மூன்றையும் விடவில்லை,
ஓரத்தில் நிற்கட்டும்.
அதற்கென்று புதிதாய் ஒரு கோப்பு திறந்தாயிற்று.

மீதிப் புட்டியோடு வந்த கோச்சா
திரையை எட்டிப் பார்த்துக் கேட்கிறான்,
'ஐந்தாம் எண்ணுக்கு யார் ஜாமீன்?'

நூற்றிருபது நொடி ஒளிப்பதிவு.
இடையில் எதையும் தொடக்கூடாது.
அவள் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்கிறாள்.
நூற்றுப் பதினொன்று,
நூற்றுப் பத்து.