ரப்பர்

தேவகோட்டை கிளை நூலகத்தில்
ஆண்டுத் தணிக்கைக்கு மூன்று நாள் இருக்கிறது.
கையில் ஒரு ரப்பரைக் கொடுத்து
"கிறுக்கல் ஒண்ணும் இருக்கக்கூடாது" என்று
நூலகர் சாப்பிடப் போய்விட்டார்.

முதலில் சிக்கியது இந்த நாவல்.
அட்டையில் கடல்.
கடலைப் பார்த்து நிற்கும் ஒருத்தி,
நமக்கு முதுகு.
தலைப்பின் பின்பாதியைக் கிழித்து
யாரோ எதையோ மடித்திருக்கிறார்கள்.

பக்கம் ஒன்பது. சாய்ந்த பென்சில்:
"இன்னும் அலைதான் அடிக்கிறது. கதை எப்போது?"
அதன் கீழே வேறு கை:
"அலைதான் கதை. பொறுமையில்லாதவர்
சமையல் குறிப்பு படிக்கவும்."
அதற்கும் கீழே, மறுபடி சாய்ந்து:
"படித்தேன்.
அங்கே மூன்றாம் வரியிலேயே நெத்திலி வெந்துவிட்டது."

முப்பத்தொன்றில் சிகப்பி ஆச்சி.
பெயர் போடவில்லை,
சந்தா ரசீதில் பார்த்த அதே கொக்கி எழுத்து.
"கருவாட்டு வாடை தாளவில்லை.
ஆனாலும் மாமியாருக்கு இவள் சொன்ன பதில் சரி."
பதிலுக்கு அடியில் இரண்டு கோடு.
அழுத்திய அழுத்தம்
அடுத்த நாலு தாளிலும் தெரிகிறது.

ஆடிட்டர் சாத்தப்பன் எண்பத்தாறில் நிற்கிறார்.
படகுக்கு வாங்கிய கடன்,
நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி,
கட்டிய தவணை, கட்டாத ஆடி மாதம்.
ஓரம் முழுக்கக் கூட்டிக் கழித்து முடிவு:
"ஐந்தாம் அத்தியாயத்தில் படகு இவளுக்குச் சொந்தமாகாது.
இன்னும் ரூ. 4,260 பாக்கி.
பெண்கள் நாவலில் கணக்கு பார்ப்பதில்லை போலும்."

யாரோ மிகச் சின்ன எழுத்தில்:
"அந்தப் பாக்கியை நான் கட்டுகிறேன்.
அவளை விடுங்கள்."

இது யார் கையென்று தெரியவில்லை.
ரப்பரை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தேன்.

நூற்றுப் பன்னிரண்டில் எழுத்தே இல்லை.
காய்ந்துபோய் ஒட்டிய ஒரு செதில்,
சங்கராவுடையது.
தொண்டியிலிருந்து காலை பஸ்ஸில் அன்னக்கூடையோடு வரும்
ஜெசிந்தாவுக்கு உறுப்பினர் அட்டை கிடையாது,
என் பெயரில்தான் எடுத்துப்போவாள்.
"புயலுக்கு மறுநா எந்தப் பொம்பளையும்
கடலப் பாத்து நிக்கமாட்டா,
அரிசிக்கில்ல அலைவா.
அட்டப்படம் பொய்.
அந்த அக்கா தங்கச்சி கிணத்தடியில சண்ட போடுறது மட்டும்..."
என்று நிறுத்தி
ஐஸைத் தட்டிவிட்டாள்.
அப்புறம் விலைதான் பேசினாள்.

கடைசிப் பக்கம்.
"முடிவு சினிமாத்தனம். நேரம் வீண்."
இது என் எழுத்து,
போன வருடம், ஒரு கெட்ட வாரத்தில்.
முடிவை மட்டும்தான் படித்திருந்தேன் அப்போது.

அதை அழித்தேன்.
நாலு தேய்ப்பில் போய்விட்டது,
மேசையில் கொஞ்சம் கறுப்புத் தூள்.

மற்றதற்கு வழி இருக்கிறது:
வாசகர் கையில் இருக்கும் புத்தகத்தை
எந்தத் தணிக்கையும் புரட்டாது.
தேதி முத்திரை குத்தி
என் அட்டையை உள்ளே செருகினேன்.
மதியம் ஒன்றரை பஸ்ஸில்
காலிக் கூடைக்குள், பாலிதீன் பையில்,
போகிறது தொண்டிக்கு.

திரும்பி வரும்போது
இன்னும் கொஞ்சம் நாறும்.
ஆச்சி திட்டுவார்.
திட்டிக்கொண்டே வாங்கிப்போவார்.