வலது கை

பின்சீட்டில் கட்டிய உருளைக்குள்
பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை.
முன்னால், இடது உள்ளங்கைக்குள் மட்டும்
ஆறப்போகிற தேத்தண்ணிக் கோப்பையின் சூடு.
வலது பக்கக் கிரிப்
கார்த்திகையிலேயே செத்துவிட்டது.

அக்கரபத்தனைப் பாதையில் விடிய ஐந்தரைக்கு
என்னை எதிரே கண்டவர்கள்
'சினை ஊசிக்காரர் போறாரு, யார் வீட்டு மாடோ' என்பார்கள்.
அமலதாஸ் என்று எனக்கொரு பெயர் இருப்பது
டயகமவில் ஒரு மாட்டுக்கும் தெரியாது.

ஜப்பான்காரன் யாரோ கழற்றிப் போட்ட சோடி.
பஞ்சிகாவத்தையில் ஒரு சாக்குக்குள் கிடந்தது.
எந்தக் குளிரில் எந்தக் கை பிடித்ததோ,
கட்டைவிரல் படும் இடத்தில் அப்போதே ஒரு பள்ளம்.
மூன்று வருடத்தில் அதை நான் ஆழமாக்கினேன்.
இறப்பர் பிசுபிசுத்தது, உரிந்தது,
ஒரு மழைநாளில் உள்ளிருந்த கம்பி
நரைமுடி போல வெளியே வந்தது.
திருகுகிற பக்கம்தானே முதலில் அறும்.
இடது சும்மா இருக்கிறது,
சூடாகவும் இருக்கிறது.

மார்கழியில் சந்திரமதியின் கட்டைக்கொம்பி
இரவெல்லாம் கத்தியது என்று போன் வந்தது.
புல்லில் பனி உறைந்து வெள்ளையாய்க் கிடந்தது.
உள்ளே போவது இடது கை, அதற்குக் குறையில்லை,
மாடு காலைக்கூட மாற்றி வைக்கவில்லை.
குழலைப் பிடிப்பது வலது.
கருப்பை வாயின் மடிப்புகளிடம்
ஒவ்வொன்றாய் வழி கேட்டுப் போகவேண்டியது அது.
அன்றைக்கு அது ஒரு மரக்கரண்டி.
போய்விட்டது என்று நினைத்தேன்.
போய்விட்டது என்று சொன்னேன்.
ரசீதில் என் எழுத்து
எனக்கே தெரியாத ஆளுடையது.

இருபத்தோராம் நாள் திரும்பவும் கத்தியது.
தீவனத்தைக் குறை சொன்னேன்.
குண்டசாலையில் தன்பாட்டில் நிற்கும்
காளையையும் குறை சொன்னேன்.
அதே கை, அதே குழல், அதே ரசீது.
பெரட்டுக்குப் போகிற அவசரத்தில்
கூடையை இறக்காமலே காசை எண்ணித் தந்தாள்.
பொத்தி வைத்திருந்த நோட்டுகள்.
வலக்கையால் வாங்கினேன், ஒன்றும் தெரியவில்லை.
இடக்கைக்கு மாற்றியபோதுதான் தெரிந்தது
அவை சூடாக இருந்தது.

நேரே தலவாக்கலை.
'புதுசு முப்பத்தெட்டாயிரம், அதுவும் கப்பல் வரணும்'
என்றான் நிஸ்தார்.
அறுந்த கம்பிக்குப் பற்றாசு வைத்தான், டேப் சுற்றினான்.
மேலே போட உறை?
பக்கத்து விளையாட்டுச் சாமான் கடையில்
கிரிக்கெட் மட்டைக்குப் போடுகிற கிரிப்,
ஆரஞ்சு நிறம் மட்டும்தான் மிச்சம்.
சோப்புத் தண்ணீர் தடவிக் காலுறை போலச் சுருட்டி
ஏற்றினோம். பாதியில் நின்றது.
'நீ தினம் செய்ற வேலைதானே, தள்ளு' என்றான்.
ஒரு கன்று வந்த வழியே திரும்பிப் போவதுபோல
வழுக்கி, முரண்டு,
ஒரே மூச்சில் உள்ளே போனது.

இரண்டு தோல் தாண்டி வரவேண்டிய சூடு.
லிந்துலைவரை ஒன்றுமில்லை.
ஏமாந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.
ஹோல்புறூக் தாண்டி, பால் வண்டிக்கு ஒதுங்கி நின்றபோது
விரல்கள் வலிக்கத் தொடங்கின.
நல்ல வலி.

மாசியில் மூன்றாம் முறை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
விரல்நுனி மடிப்புகளை எண்ணிக்கொண்டே போனது.
சந்திரமதி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
வேண்டாம், மூன்றாவது ஊசி இலவசம் என்று
அந்த மாட்டுக்கொட்டிலில் வைத்தே
அரசாங்கத்துக்கு ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன்.
நம்பவில்லை. முடிச்சை மட்டும்
திரும்பப் போட்டுக்கொண்டாள்.

இன்று இருபத்தோராம் நாள்.
இந்தத் தொழிலில் அடிக்காத போன்தான் நல்ல சேதி.
தூறல். ஆரஞ்சு உறை லேசாய் நழுவுகிறது,
திருகினால் பாதியை அதுவே தின்றுவிடுகிறது,
பார்த்துத்தான் போகவேண்டும்.
வளைவில் நிறுத்தி அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு
பயந்து பயந்து போனை எடுக்கிறேன்.
ஒரு மிஸ்ட் கோல்.
நிஸ்தார்.
இடது பக்கத்துக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறானாம்,
நிறம்தான் வேறு.