எட்டே முக்கால் மணி நேரம்

கிளவுடுக்கு மாற்றிவிடலாம் என்று
கூட்டத்தில் சொன்னவன் நான்தான்.
"மேகமா? வேலூர்லயா?"
சேர்மன் சிரித்தார். மே மாதம், நூற்றொன்பது டிகிரி.
எல்லோரும் சிரித்தோம். கையெழுத்தானது.

சர்வர் அறையைக் காலி செய்தோம்.
இரவு பகலாய் ஓடிய இரண்டு ஏசி நின்றது,
மாதம் எழுபதாயிரம் மிச்சம்.
இப்போது அங்கே சலைன் பெட்டிகள்,
உடைந்த சக்கர நாற்காலி ஒன்று,
போன வருஷத்துக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்.

நேற்றிரவு இரண்டு பத்துக்கு
மூன்றாம் மாடியிலிருந்து கெஜலட்சுமி:
"சார், சுத்திக்கிட்டே இருக்கு."

பதினாலாம் படுக்கை, நியாமத்துல்லா.
பேரணாம்பட்டு தோல் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர்.
ஒன்பது மணிக்கு ஐசியூவிலிருந்து இறக்கியிருக்கிறார்கள்.
ரத்தம் உறையாமலிருக்க ஊசி,
போட்டாயிற்றா, இல்லையா?
இரண்டு தடவை போனால் ஒழுக ஆரம்பிக்கும்.
போகாமலே விட்டால் உள்ளே கட்டும்.
விடை மும்பையில் ஏதோ ஒரு கட்டடத்தில்.
திரையில் வட்டம்:
மாடும் எள்ளும் இல்லாத செக்கு.

கம்பெனியின் நிலவரப் பக்கத்தில் எல்லாம் பச்சை.
போனில் ஒரு குரல்
என் அழைப்பு அவர்களுக்கு முக்கியம் என்றது,
பிறகு வீணை வாசித்தது.

அவர் மனைவியைக் கேட்டோம்.
"போட்டாங்க." கொஞ்சம் பொறுத்து,
"அது நேத்தா?
கண்ணாடிக்கு வெளியத்தானே நின்னேன்."

காட்பாடியில் தூங்கிக்கொண்டிருந்த எப்சிபா
ஏழாவது தடவை எடுத்தாள்.
"எட்டு இருபதுக்குப் போட்டேனே, ஏத்திட்டேனே!"
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"ஸ்டாண்டுக்குப் பின்னாடி பிளாஸ்திரி இருக்கும், பாருங்க.
யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இருந்தது. நீலப் பால்பாயிண்டில்
8.20, எ.

பிளாஸ்திரியில் எழுதக் கூடாதென்று
சுற்றறிக்கை அனுப்பியவனும் நான்தான்.

நாலு ஐம்பதுக்கு வட்டம் நின்றது.
ஒரு புள்ளி பிசகாமல் எல்லாம் வந்தது,
பந்தி எழுந்தபின் வந்த உப்பு.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன்.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம்.
மீதி, ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம்.
இரண்டு மணி நாற்பது நிமிடம்தான் செலவாகியிருக்கிறது.
வாக்குத் தவறவில்லை அவர்கள்.
இன்னும் ஆறு மணி ஐந்து நிமிடம் இருப்பில் இருக்கிறது,
எந்த இரவு, எந்தப் படுக்கை என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.

நியாமத்துல்லா காலையில் டீ கேட்டாராம்.

லாங் பஜாரில் கடை திறக்கும்வரை நின்று
கோடு போட்ட நீள நோட்டு பத்து வாங்கினேன்.
பில் ஆஸ்பத்திரி பேருக்கா என்றான்.
என் பேருக்கே போடச் சொன்னேன்.