குறியீடு ஐம்பது

ஹட்டன் டன்பார் வீதியில்
இரும்புக்கடைக்கு மேல்மாடி.
பதினான்கு மேசை, பதினான்கு ஹெட்செட், ஒரு கழிவறை.
இங்கே பொழுது சாய ஒகாயோவில் காலை ஒன்பது.
அப்போதிலிருந்து நான் ஜேன்.
விதுஷிகாவைச் செருப்போடு வாசலில்
கழற்றி வைத்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிகள் அனுப்பும் பில்லைத் திறப்பேன்.
ஏன் பணம் இல்லை என்று எண்ணால் சொல்வேன்.
பதினெட்டு: இதே பில் முன்னமே வந்தது.
இருபத்தொன்பது: நாள் பிந்திவிட்டது.
ஐம்பது: மருத்துவத் தேவை இல்லை.
வலித்ததா என்று கேட்க
எண் கிடையாது.

சுவரில் சத்தமில்லாத டீவி.
வாடிக்கையாளரின் நாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று
சூப்பர்வைசர் ருவன் மாட்டியது.
சிவப்புக் கழுத்துப்பட்டி சொல்கிறது
வரியைக் கூட்டினால் கடைகள் சாத்தும்.
நீலக் கழுத்துப்பட்டி சொல்கிறது
காப்புறுதிக் கம்பனிக்கு மூக்கணாங்கயிறு போடாவிட்டால்
நோயாளி சாவான்.
கீழே ஓடும் எழுத்தில்
கடனின் உச்சவரம்பை இன்னொரு தரம் உயர்த்தப் போகிறார்களாம்.

எங்கள் லயத்துத் தகரம் உயர்ந்ததே இல்லை.
அண்ணன் மட்டும் வளர்ந்து
விடியற்காலையில் தலையை இடித்துக்கொள்கிறான்.

ஒவ்வொரு குழந்தையும் கடனோடு பிறக்கிறதே என்று
சிவப்பு கையை விரித்தது.
இதென்ன புதுச் செய்தி.
கப்பலை விட்டு இறங்கும்போதே
எங்களாட்கள் பெயருக்குப் பக்கத்தில் பற்று எழுதிய துண்டு இருந்தது.
துண்டு கைமாறினால் ஆளும் கைமாறினான்.
அதற்கு உச்சவரம்பு வைக்க
ஒருவரும் கூடிப் பேசவில்லை.

போன ஞாயிறு ஒன்பதாம் நம்பர் மலையில்
குளவி கொட்டி அக்கா விழுந்தாள்.
கமலேஸ்வரி. முப்பத்தாறு கொட்டு.
முகம் பலாப்பழம்.
டிக்கோயாவில் கட்டில் இலவசம், ஊசி இலவசம்,
ஸ்கேன் மெஷின் பழுது.
வெளியே எடுத்த ஸ்கேனுக்கு
ஒரு சோடித் தோடு அடகுக்குப் போனது.
நாட்டுக் கடனை அடைக்கிறாளே அவளும்,
சவர்க்காரத்தில் கொஞ்சம், போன் கார்ட்டில் கொஞ்சம்.
தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் ஐயா
செக்ரோலைப் புரட்டினார்.
ஞாயிறு கைகாசு வேலை. கைகாசுக்குப் பேர் விழாது.
பேர் விழாதவளுக்கு நட்டஈடும் இல்லை.
அவருக்கு எண் தெரியாது.
எனக்குத் தெரியும்.

அன்றிரவு ஒரு பெண் எடுத்தாள்.
புருஷன் கூரை போடுகிறவன். ஏணி சறுக்கி முதுகு போய்விட்டது.
மூன்றாம் தரமும் ஐம்பது அடித்திருக்கிறோம்.
அவள் திட்டவில்லை.
திட்டியிருந்தால் பதில் அச்சடித்து வைத்திருக்கிறது.
அதென்ன சத்தம், என்றாள்.
எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டால்
சிரித்துப் பேச்சை மாற்ற வேண்டும், பக்கம் நான்கு.
மழை, என்றேன். தகரத்தில்.
இங்கே மூன்று வாரமாக இல்லை, என்றாள்.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.
திரையில் நேரம் சிவப்பாகிவிட்டது.

அவரால் சப்பாத்து நாடாவைக் கட்ட முடிகிறதா?
எந்தப் பக்கத்திலும் இல்லாத கேள்வி.
குனியவே மாட்டார், நான்தான் கட்டிவிடுகிறேன்.
அதை டொக்டரை எழுதச் சொல்லுங்கள், என்றேன்.
வலி என்று எழுத வேண்டாம், வலிக்கு இங்கே காசில்லை.
எத்தனை பாகை குனிகிறார், எத்தனை நிமிடம் நிற்கிறார்,
ஒரு வரி போதும்.
இந்த வரியைக் கூட்டவோ குறைக்கவோ
எந்தக் கழுத்துப்பட்டியும் கத்தாது.

ருவன் என் சம்பளத்தில் ஏதோ குறித்துக்கொண்டான்.

மூன்றரைக்கு வேன். லயத்தில் லாம்பு எரிந்தது.
அக்காவுக்காக நானே எழுதினேன்,
துரைக்கு, தமிழில்:
மலை நம்பர், கொழுந்து நிறுத்த நேரம்,
நிறுத்த கணக்கப்பிள்ளையின் பெயர்.
பேனா பிடிக்க வரவில்லை அவளுக்கு.
பெருவிரலில் மை தடவி அழுத்தினோம்.
தாளில் ஒரு நீல வட்டம்.
வீக்கத்தில் ரேகை விழவில்லை.

வத்தட்டும், என்றாள்.
புதன்கிழமை வைப்போம்.