இரட்டைப் பூட்டு

எங்கள் தெருவில் பதினாறாம் மின்கம்பம் வரை மாநகராட்சி.
பதினேழிலிருந்து உப்பளமேடு ஊராட்சி.
நாய்களுக்கு இது தெரியாது.
சாக்கடைக்கும் தெரியாது.
தண்ணி லாரிக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.
பதினாறில் ஹாரன் அடித்து
பதினாறிலேயே திரும்பிவிடும்.

நான் ஊராட்சியின் பம்ப் ஆபரேட்டர், தேசம்மா.
மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது என் வேலை,
ஏற்றத் தண்ணீர் இருந்த காலத்தில்.
இப்போது எங்கள் போரில் கடல் ஏறிவிட்டது.
அதில் பருப்பு வேகாது,
சோப்பு நுரைக்காது,
குண்டான் அடியில் வெள்ளையாய் ஒரு வளையம் படியும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் பெரிய குழாய்
எங்கள் கழிக்கரை ஓரமாகத்தான் பட்டணம் போகிறது.
ராத்திரி மண்ணில் காதை வைத்தால்
நமக்கில்லாத தண்ணீர்
நம் காலுக்குக் கீழே ஓடுவது கேட்கும்.
நான் வைத்திருக்கிறேன்.

மாநகராட்சி, குடிநீர் வாரியம், ஊராட்சி,
மூன்றும் ஒரே மேசையில் உட்கார ஒன்றரை வருஷம்.
முதல் கடிதம் தப்பான மண்டலத்துக்குப் போனது.
இரண்டாவதற்குப் பதிலாக
முதல் கடிதத்தின் நகல் வந்தது.
மூன்றாவதைச் செயலர் சற்குணமே பைக்கில் கொண்டுபோய்
டிப்போ வாசலில் சாப்பாட்டு நேரம் முடியும்வரை நின்று
‘பெறப்பட்டது’ என்று முத்திரை வாங்கிவந்தார்.
குழந்தையின் முதல் பல்லைக் காட்டுவதுபோல
எல்லோருக்கும் காட்டினார்.

கூட்டத்தில் எஞ்சினியர் எத்திராஜுலு கேட்டார்:
‘தண்ணி குடுக்கறோம். எங்க வார்டு கழிவு
உங்க ஓடை வழியா போவட்டுமா?’
சற்குணம் சொன்னார்:
‘அது போய்க்கினுதான் கீது சார், நாலு வருஷமா.’
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஒருவர் சிரித்தார்.
பிறகுதான் டீ வந்தது.

மூன்று அங்குல இணைப்பு. நாளுக்கு ஒரு மணி நேரம்.
மீட்டர் அவர்களுடையது, குழி எங்களுடையது,
குழியின் மூடிக்கு ஆளுக்குப் பாதி.
அடைத்துக்கொண்ட ஓடையைத் தூர்வார அவர்கள் இயந்திரம்,
எங்கள் டீசல்.
வால்வுக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி வாரியத்து மஸ்தானிடம்,
இன்னொன்று என் முந்தானையில்.
ஒருவர் இல்லாமல் ஒருவர் திறக்கக் கூடாது
என்று விதி நான்கில் இருக்கிறது.

முதல் வாரம்
நான் வந்தபோது மஸ்தான் மணலியில் உடைப்பு பார்க்கப் போயிருந்தார்.
அவர் வந்தபோது நான் ஊராட்சி ஆபீசில்
அவர் வராததைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.
நூற்று நாற்பது குடம் வரிசையில்.
யாரும் என்னைத் திட்டவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

மஸ்தானுக்குக் காய்ச்சல் வந்த அன்று
பையன் மூலம் சாவியை அனுப்பினார்.
என் மகள் பிரசவத்துக்கு
ஸ்டான்லியில் மூன்று நாள் கிடந்தேன்,
என் சாவி அவரிடம்.
எது யார் சாவி என்று
இப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.
ஆடிட் வந்தால் சேர்ந்து மாட்டுவோம்.

சகாயமேரி வீட்டுக் கழிப்பறை
திட்டத்தில் கட்டியது, சுவரில் வரிசை எண்கூட இருக்கிறது.
ஆறு வருஷமாக அதில் நண்டுவலை இருந்தது.
தண்ணீர் வந்த இரண்டாம் மாசம்
வலையை எடுத்துக் கூரைமேல் எறிந்தாள்.
அன்றைக்கு அவள் மகள்
இருட்டுவதற்காகக் காத்திருக்கவில்லை.

இப்படித் தெருவில் இருபத்தேழு கழிப்பறை திறந்தாயிற்று.
திறந்தால் நிறையும்.
நிறைந்த தொட்டியை உறிஞ்ச எந்த லாரி வரும் என்று
ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை.
மாநகராட்சி லாரி நேற்று வந்தது,
பதினாறில் நின்றது.

காலையில் சற்குணம் பைக்கை உதைத்தார்.
சட்டைப்பையில் கடிதம்.
கொஞ்சம் இருங்கள் என்று வாங்கி
மண்டலத்தின் எண்ணை மட்டும்
ஒருமுறை படித்துப் பார்த்துக் கொடுத்தேன்.