நத்தை தூங்குகிறது

இரவு ஷிப்ட் முடிந்து
அன்டாப் ஹில் வீட்டில் படுத்திருக்கிறேன்.
டிவியில் ஒரு துணிக்கரடி
தூங்கும் நத்தையைத் தாண்டிப் போகிறது,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
அவ்வளவுதான் கதை.
அதற்குப் பதினோரு நிமிடம்.

மகிமாவுக்கு இரண்டே முக்கால் வயது.
எழுந்து போய்
உதட்டில் விரல் வைத்துக் குக்கருக்குக் காட்டுகிறாள்.
அது மூன்று விசில் அடிக்கிறது.
கூரையைப் பார்த்து
மாடி ஷிண்டே வீட்டு டிரில்லிங் மெஷினுக்கும் ஒரு ‘உஷ்’.
ஹார்பர் லைன் ரயிலிடம் சொல்ல
ஜன்னல் எட்டவில்லை.

பிறகு என்னிடம் வருகிறாள்,
அடிமேல் அடிவைத்து,
தன் செருப்போடு என்னுடையதையும் சுமந்துகொண்டு.
ஜூலை மாதத்துச் சேறு
இன்னும் சொட்டுகிறது அதில்.
தலையணைமேல், என் மூக்கருகே,
சத்தமே இல்லாமல் வைக்கிறாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை.
நத்தை திறக்கவில்லையே.