ஏழாம் நிறுத்தம்

ஜூன் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்,
நியூ பிரன்ஸ்விக்கின் சரளைச் சாலை.
பத்து நிறுத்தம், ஒவ்வொன்றிலும் ஆறு நிமிடம்,
காதுக்கு மட்டும் வேலை.

நோர்மான் மரமறுக்கும் ஆலைக்குச் செவியைக் கொடுத்தவன்.
கடிகாரமும் டார்ச்சும் அவன் பொறுப்பு.
எனக்குப் பென்சில்.

மூன்றாவதில் ஒரு லாரிக்காரர் நிறுத்தி
டயர் பஞ்சரா என்றார்.
பக்கி எண்ணுகிறோம் என்றேன்.
எத்தனை?
இதுவரை கொசுதான்.

போன வருடம் நாலு. அதற்கு முந்தி பதினொன்று.
படிவத்தில் சுழி போடப் போடக்
கை பழகிவிடுகிறது,
அதுதான் பயம்.

ஏழில் தவளைகூட ஓய்ந்திருந்தது.
மணி பார்க்க டார்ச் அடித்தவன்
என் சட்டைக்கையை இழுத்தான்.
வெளிச்சம் போய் முடியும் இடத்தில்
சரளையோடு சரளையாய்,
ஊதிவிட்ட கரித்துண்டு மாதிரி
ஒரு கண்.

கூவவில்லை.
எதிர்ப்பாட்டுக்கு ஆளில்லையோ என்னவோ.

கேட்டது எத்தனை என்றுதான் படிவம் கேட்கிறது.
சுழி போட்டேன்.
ஓரத்தில், எழுத இடமில்லாத இடத்தில்,
‘இருந்தது’ என்று நெருக்கி எழுதினேன்.

அது எழுந்து போகும்வரை
வண்டியை எடுக்கவில்லை.
எட்டாம் நிறுத்தத்துக்குப் பதினேழு நிமிடம் தாமதம்.
அதையும் குறித்தோம்.